தட்டில் ஏழு இடம், பெட்டிக்குள் ஒரு பொம்மை: புதிதாக ஆடத் தொடங்குபவர்களுக்கு

செல்போன் திரை முழுக்கப் பொம்மைகள் குவிந்து கிடக்கின்றன. கரடி, முயல், தொப்பி போட்ட பூனை, கண்ணாடி மாட்டிய வாத்து. ஒன்றைத் தொட்டால் அது துள்ளிவந்து கீழே இருக்கும் தட்டில் உட்காருகிறது. ஒரே மாதிரி மூன்று சேர்ந்ததும் மூன்றும் மறைகின்றன. குவியல் காலியானால் வெற்றி, தட்டு நிரம்பினால் தோல்வி. சில நிலைகளைத் தாண்டியதும் மூடிய பெட்டி ஒன்று பரிசாக வருகிறது. உள்ளே எந்தப் பொம்மை இருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாது. வந்ததை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். ஆட்டம் இவ்வளவுதான்.

உண்மையில் இது ஒரு ஆட்டம் அல்ல, இரண்டு. குவியலைக் கலைப்பது யோசனை சார்ந்தது. பழகப் பழகக் கை தேறும். பெட்டியைத் திறப்பது வெறும் குலுக்கல். ஆயிரம் முறை திறந்தாலும் அதில் யாரும் தேற மாட்டார்கள். தோற்ற எரிச்சலில் பெட்டி வாங்குவதும், அரிய பொம்மை வந்த உற்சாகத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த நிலைக்குள் பாய்வதும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நடப்பவை. அதனால் இங்கே இரண்டையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை: அமைப்புகள்

செயலியை நிறுவியதும் நேராக ஆட்டத்துக்குள் போகாதீர்கள். அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, கணக்கை இணைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்போதே இணைத்துவிடுங்கள். இத்தகைய ஆட்டங்கள் பலவற்றில், கணக்கு இணைக்காதவரின் சேகரிப்பு அந்தச் செல்போனிலேயே கிடக்கும். செயலியை நீக்கினாலோ போனை மாற்றினாலோ எல்லாம் போய்விடும். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 41 பொம்மைகள் சேர்த்து வைத்திருந்தேன். பழைய போன் திடீரென்று உயிரை விட்டது. புதிய போனில் ஆட்டம் என்னை முதல் நிலையில், வெறும் அலமாரியோடு வரவேற்றது.

அடுத்தது பணம். போனின் செயலிக் கடையில், ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் அல்லது கைரேகை கேட்கும்படி மாற்றிவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் அந்தப் போனைத் தொடுவார்கள் என்றால் செயலிக்குள் வாங்குவதையே முழுதாக முடக்கிவிடலாம். ஐபோனில் திரை நேரக் கட்டுப்பாடுகளுக்குள் அதற்கான வழி இருக்கிறது. அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள். 'உங்கள் முயல் உங்களைத் தேடுகிறது' என்று நள்ளிரவில் போன் சிணுங்குவதால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

இரண்டாவது: குவியலைப் படித்தல்

முதல் பத்து நிலைகளில் இது தேவைப்படாது. அவை வேண்டுமென்றே எளிதாக வைக்கப்பட்டவை. எதைத் தொட்டாலும் வெற்றி கிடைக்கும், அதனால் தவறான பழக்கமும் கூடவே ஒட்டிக்கொள்ளும். 2022 செப்டம்பரில் சீனாவில் காட்டுத்தீயாகப் பரவிய 'யாங் ல க யாங்' என்ற ஆட்டத்தின் பெயரே இதனால்தான் அடிபட்டது. அதிலும் ஏழு இடம் கொண்ட தட்டுதான். முதல் நிலை சிறுபிள்ளை விளையாட்டு. இரண்டாவது நிலையில் பெரும்பாலோர் அப்படியே கவிழ்ந்தார்கள். உங்கள் ஆட்டம் அவ்வளவு கொடூரமாக இருக்காது. ஆனாலும் பதினைந்தாவது, இருபதாவது நிலையை ஒட்டி ஒரு திருப்பம் வரும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பே வளர்த்துக்கொள்ள வேண்டிய பழக்கம், நேரக் கட்டுப்பாடு இல்லாத நிலைகளில் எதையும் தொடாமல் ஒரு நிமிடம் பார்ப்பது. பளிச்சென்று தெரிபவை எடுக்கக்கூடியவை. மங்கலாக இருப்பவற்றின் மேல் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது. எந்த வகையில் இரண்டு அல்லது மூன்று மேலேயே தெரிகின்றன, எந்தப் பக்கம் அடுக்கு உயரம், எங்கே ஒன்றை எடுத்தால் மூன்று நான்கு ஒரேயடியாக வெளிச்சத்துக்கு வரும் என்று கவனியுங்கள். ஒவ்வொரு வகையும் மூன்றின் மடங்காகத்தான் குவியலில் இருக்கும்: மூன்று, ஆறு, ஒன்பது. ஆகவே ஒரு வகை எத்தனை போயிருக்கிறது என்று எண்ணி வைத்திருந்தால், இன்னும் எத்தனை அடியில் ஒளிந்திருக்கின்றன என்று கடைசிக் கட்டத்தில் ஓரளவு ஊகிக்கலாம்.

இந்தப் பொம்மை ஆட்டங்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஒரே தொடரைச் சேர்ந்த பொம்மைகளுக்கு உடல் ஒன்றுதான். தொப்பியும் நிறமும் மட்டும் மாறும். இளஞ்சிவப்புத் தொப்பி முயலையும் ஆரஞ்சுத் தொப்பி முயலையும் அவசரத்தில் பிரித்தறிவது கடினம். நிறத்தை நம்பாமல் வெளிக்கோட்டை நம்புங்கள்: காது நிமிர்ந்திருக்கிறதா, தொப்பி கூம்பா உருண்டையா, கையில் ஏதாவது இருக்கிறதா. திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாவது: ஏழு இடத்தின் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தட்டில் கரடி, முயல், பூனை என்று மூன்றே வகை இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு வந்துவிட்டாலும் மொத்தம் ஆறுதான். ஏழாவதாக அந்த மூன்றில் எது வந்தாலும் அது தன் ஜோடியோடு சேர்ந்து மறைந்துவிடும். ஆக, மூன்று வகைக்குள் நிற்பவரின் தட்டு நிரம்பவே முடியாது. நான்காவது வகை உள்ளே நுழையும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது: இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று, ஏழு நிரம்பியது, ஆட்டம் முடிந்தது. எனவே ஒவ்வொரு தொடுதலுக்கும் முன் தட்டில் எத்தனை பொம்மை என்று எண்ணாதீர்கள், எத்தனை வகை என்று எண்ணுங்கள். ஆறு பொம்மையும் மூன்று வகையும் பிழைக்கும் நிலை. நான்கு பொம்மையும் நான்கு வகையும் பார்ப்பதற்குக் காலியாகத் தெரிந்தாலும் கழுத்துக்குக் கத்தி வந்துவிட்ட நிலை.

நான்காவது வகையை எடுத்தே ஆக வேண்டிய கட்டம் கட்டாயம் வரும். அப்போது அந்த வகையின் மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், தட்டில் நான்கு அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்வரை பயமில்லாமல் எடுக்கலாம். தட்டில் ஐந்து இருந்தால், கண்முன்னே மூன்றும் சிரித்துக்கொண்டு நின்றாலும் தொடக் கூடாது. இரண்டாவதை எடுக்கும்போதே தட்டு நிரம்பிவிடும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். புதிதாக மூன்றைக் கலைத்தால் தட்டில் இடம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. மூன்று உள்ளே வருகின்றன, மூன்று வெளியே போகின்றன, கணக்கு சமம். தட்டில் ஏற்கெனவே காத்திருக்கும் ஜோடிக்கு மூன்றாவதைக் கொண்டுவந்தால்தான் இடம் பிறக்கும். புதிய மூன்றைக் கலைப்பதன் ஒரே பயன், அவற்றின் அடியில் இருப்பவை வெளிவருவது. அடியில் எதுவும் இல்லாத மூன்றை அவசரப்பட்டு எடுப்பதில் அர்த்தமே இல்லை.

தோண்டுவதற்கும் ஒரு விலை உண்டு. தட்டில் இரண்டு கரடிகள் காத்திருக்கின்றன. மூன்றாவது கரடியின் மேல் இரண்டு பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன. தட்டில் மொத்தம் நான்கு இருந்தால், அந்த இரண்டையும் எடுத்து ஆறாக்கி, ஏழாவதாகக் கரடியை இழுத்தால் மூன்றும் மறைந்து மறுபடி நான்கு. ஐந்து இருந்திருந்தால் அதே தோண்டல் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆகவே உயரமான அடுக்குகளை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, தட்டு காலியாக இருக்கும்போது தோண்டிவிடுங்கள். பரந்து கிடக்கும் தட்டையான பகுதி ஓடிவிடாது. புதியவர்கள் செய்வது சரியாக இதற்குத் தலைகீழ்: எளிதாகக் கிடைப்பதையெல்லாம் முதலில் அள்ளிவிட்டு, கடைசியில் ஒற்றைக் கோபுரத்தின் முன் நிரம்பிய தட்டோடு நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

பொம்மைகளைப் பக்கத்தில் இருப்பதோடு இடம் மாற்றி வரிசையில் மூன்று சேர்க்கும் பழைய பாணி ஆட்டங்களும் இந்தப் பெட்டிப் பரிசோடு வருகின்றன. அந்தப் பாணிக்கு வயது அதிகம். 1994இல் ரஷ்யாவில் உருவான 'ஷாரிக்கி' அதன் மூதாதை. அங்கே இந்தத் தட்டுக் கணக்கு செல்லாது. அடிவரிசையிலிருந்து நகர்த்துங்கள், நான்கு சேரும் வாய்ப்பு தெரிந்தால் மூன்றை விட்டுவிடுங்கள். புதியவருக்கு அது போதும்.

நான்காவது: உதவிப் பொத்தான்கள்

பெரும்பாலான ஆட்டங்களில் மூன்று இருக்கும். கடைசியாக எடுத்ததைத் திருப்பி வைப்பது ஒன்று, தட்டிலிருந்து மூன்றை வெளியே எடுத்து ஓரமாக வைப்பது இன்னொன்று, குவியலில் பொம்மைகளின் இடத்தை மாற்றிக் கலைத்துப்போடுவது மூன்றாவது. தொடக்கத்தில் கொஞ்சம் இலவசமாகத் தருவார்கள். இவற்றை எளிய நிலைகளில் வீணாக்காமல் சேர்த்து வைப்பது எல்லோரும் சொல்வதுதான். எதை எப்போது அழுத்துவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

தட்டில் மூன்று ஜோடிகள் நின்று, அவற்றின் மூன்றாவது எதுவும் மேலே தெரியாவிட்டால் கலைத்துப்போடுங்கள். மூன்று வகையில் ஏதேனும் ஒன்று மேலே வந்தாலே பிழைத்துவிடுவீர்கள். மேலே பத்துப் பதினைந்து பொம்மைகள் திறந்து கிடந்தால் அதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தட்டில் ஆறும் ஆறு வகையாக நின்றால் கலைப்பது வீண். எந்த வகைக்கும் இன்னும் இரண்டு வேண்டும், இடமோ ஒன்றுதான் இருக்கிறது. அங்கே வெளியே எடுத்து வைக்கும் பொத்தான் மட்டுமே உதவும். திருப்பி வைக்கும் பொத்தானை வேவு பார்க்கப் பயன்படுத்தலாம்: ஒரு பொம்மையை எடுங்கள், அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி வையுங்கள். பார்த்ததை ஆட்டம் உங்கள் நினைவிலிருந்து அழிக்க முடியாது.

ஐந்தாவது: தோல்வித் திரை

தட்டு நிரம்பியதும் அழும் முகத்தோடு ஒரு பொம்மை வரும். இத்தனை நாணயம் கொடுத்தால் தொடரலாம் என்று பெரிய பச்சைப் பொத்தான் மின்னும். தொடர்வெற்றிப் பரிசு போய்விடும் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். வேண்டாம் என்பதற்கான பெருக்கல் குறி ஒரு மூலையில், எறும்பு அளவில் இருக்கும். இந்தத் திரையை வடிவமைத்தவருக்கு மனித மனம் நன்றாகத் தெரியும்.

பொத்தானைப் பார்க்காமல் பின்னால் தெரியும் குவியலைப் பாருங்கள். மூன்று இடம் கிடைத்தால் அடுத்து எதை எதை எடுப்பேன் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால், ஆட்டத்தில் சம்பாதித்த நாணயத்தைக் கொடுக்கலாம். முடியாவிட்டால் நான்கு தொடுதலில் இதே திரைக்குத் திரும்பி வருவீர்கள், அப்போது விலை இன்னும் கூடியிருக்கும். உயிர்கள் (ஒவ்வொரு தோல்விக்கும் ஒன்று குறையும் ஆட்ட வாய்ப்புகள்) தீர்ந்தால் போனை வைத்துவிடுங்கள். இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில் அரை மணி நேரத்துக்கு ஓர் உயிர் என்ற கணக்கில் தானாகவே திரும்பிவிடும். அந்த அரை மணிக்குள் ஆத்திரமும் அடங்கிவிடும். திரும்பி வந்து பார்த்தால் அதே நிலை அவ்வளவு கடினமாகத் தெரியாது.

ஆறாவது: பெட்டிக்குள் என்ன

ஜப்பானில் 1960களிலிருந்தே காசு போட்டுப் பிடியைத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை விழும் இயந்திரங்கள் இருந்தன. 'கச்சா' என்பது பிடி திரும்பும் ஓசை, 'போன்' என்பது உருண்டை விழும் ஓசை, சேர்ந்து 'கச்சபோன்'. பண்டாய் நிறுவனம் 1977இல் இந்தத் தொழிலுக்குள் வந்தது. 2010இல் பெய்ஜிங்கில் தொடங்கிய பாப் மார்ட் என்ற பொம்மை நிறுவனம், உருண்டையை அழகான அட்டைப் பெட்டியாக்கிப் பெரியவர்களையும் வரிசையில் நிற்க வைத்தது. கூர்ப்பல் காட்டிச் சிரிக்கும் லபுபு இவர்களுடைய பெட்டியிலிருந்துதான் உலகம் சுற்றக் கிளம்பியது. உங்கள் ஆட்டத்தில் வருவது இந்த மரபின் திரைவடிவம்.

ஆனால் கடைப் பெட்டிக்கும் திரைப் பெட்டிக்கும் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. கடையில் பல தொடர்களில் 12 பெட்டிகள் கொண்ட முழுக் கட்டாக வாங்கினால் பொம்மைகள் ஒன்றுக்கொன்று வேறாகவே இருக்கும்; அபூர்வமாக ஒன்றின் இடத்தில், அந்தப் பன்னிரண்டில் சேராத இரகசியப் பொம்மை உட்கார்ந்திருக்கும். திரையில் அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்குகிறார்கள். ஏற்கெனவே வந்த கரடி மறுபடியும் வரலாம், மூன்றாம் முறையும் வரலாம்.

12 பொம்மைகளுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், அத்தனையும் சேரச் சராசரியாக 37 பெட்டிகள் தேவை. இதில் கவனிக்க வேண்டியது பரவல்தான். முதல் ஆறு பொம்மைகள் ஏறத்தாழ எட்டுப் பெட்டிகளில் வந்துவிடும். கடைசி மூன்றுக்கு மட்டும் சராசரியாக 22 பெட்டிகள். கடைசி ஒன்றுக்கு மட்டும் 12. தொடக்கத்தில் எல்லாம் மளமளவென்று சேர்வதைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம்தானே' என்று தோன்றும். அந்தக் கொஞ்சத்தில்தான் பாதிக்கு மேற்பட்ட செலவு இருக்கிறது. அரிய பொம்மைகளுக்கு வாய்ப்பைக் குறைத்து வைத்திருந்தால் இந்த எண்கள் இன்னும் ஏறும்.

இரகசியப் பொம்மைக்கு 144இல் ஒன்று என்று போட்டிருந்தால், 144 பெட்டி திறந்தால் வந்துவிடும் என்று பொருள் இல்லை. அத்தனையும் திறந்த பிறகும் நூற்றுக்கு 37 பேர் வெறும் கையோடுதான் இருப்பார்கள். 'இவ்வளவு நேரம் வரவில்லை, இனி வந்தே தீரும்' என்ற எண்ணம் எழும்போது, பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பு விகிதத்தை எங்கே பார்ப்பது? பெட்டியின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகவல் பொத்தான் இருக்கும். பணம் கொடுத்து வாங்கும் குலுக்கல் பெட்டிகளின் வாய்ப்பு விகிதத்தை வாங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. கூகுளின் செயலிக் கடையும் 2019இல் அதே வழிக்கு வந்தது. இந்தக் குலுக்கல்களை அரசுகளும் சும்மா விடவில்லை. குலுக்கலில் வரும் பொருள்களை முழுதாகச் சேர்த்தால் பெரும்பரிசு என்ற முறையை ஜப்பான் 2012இல் தடுத்தது. பணம் வாங்கிக்கொண்டு தரும் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வைப்பதாக பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. மேலே சொன்ன கடைசி மூன்றின் கணக்கைப் பார்த்தவருக்கு ஜப்பான் ஏன் அதைத் தொட்டது என்று விளங்கும்.

ஏழாவது: இரட்டிப்புகளும் துகள்களும்

ஏற்கெனவே இருக்கும் பொம்மை மறுபடி வந்தால் பல ஆட்டங்கள் அதைத் துகள்களாக மாற்றித் தரும். போதிய துகள் சேர்ந்தால் விரும்பிய பொம்மையை நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். துகள் சேர்ந்ததும் பிடித்த பொம்மையைப் பாய்ந்து வாங்கிவிடாதீர்கள். எட்டாவது பொம்மையைத் துகளால் வாங்கினால் சராசரியாக இரண்டரைப் பெட்டிகள் மிச்சம். பன்னிரண்டாவதை வாங்கினால் 12 பெட்டிகள் மிச்சம். துகள் விலை இரண்டுக்கும் ஒன்றுதான் என்றால் எங்கே செலவழிப்பது என்பது தெளிவு. கடைசி இரண்டு பொம்மைகள் மட்டுமே பாக்கி என்ற கட்டம் வரும்வரை துகளைத் தொடவே வேண்டாம்.

சில ஆட்டங்களில் 'இத்தனை பெட்டிக்குள் ஓர் அரிய பொம்மை உறுதி' என்ற எண்ணும் ஓடும். பெட்டிக்கு ஞாபகசக்தி இல்லை என்று சொன்னதற்கு இது ஒன்றே விதிவிலக்கு, அதுவும் ஆட்டமே எழுதி வைத்திருந்தால் மட்டும். அந்த எண் அடுத்த தொடருக்கும் தொடருமா, பூச்சியத்துக்குத் திரும்புமா என்று படித்துவிடுங்கள்.

விளம்பரம் பார்த்தால் பெட்டி தருவார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பார்ப்பேன். விளம்பரத்தில் வரும் ஆட்டம் நிறுவிய பிறகு முற்றிலும் வேறாக இருப்பது வாடிக்கை, ஆசைப்பட்டு இறக்கிவிடாதீர்கள். மூடும் குறி வரும்முன் அதன் இடத்தில் தட்டினால் நேராகச் செயலிக் கடைக்குள் போய் நிற்பீர்கள், அவ்வளவுதான் ஆபத்து.

திறக்காத பெட்டிகளைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் திறப்பது சுகமான பழக்கம், நானும் செய்கிறேன். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர் முடியும் நாளன்று கையில் இருக்கும் பெட்டிகள் சில ஆட்டங்களில் அடுத்த தொடருக்கு மாறும், சிலவற்றில் நாணயமாகும், சிலவற்றில் சத்தமில்லாமல் மறையும். மூன்றில் எது என்பது அதே தகவல் பொத்தானுக்குள், பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும்.